காம்பும் கம்பஸும்

பிறமொழிச் சொல்லொன்று மக்கள் நாவிற் பழகும்போது, அதன் பொருளை அகராதி மட்டும் நிர்ணயிப்பதில்லை. அம்மக்களின் வாழ்வும் நிர்ணயிக்கின்றது. 'காம்ப்' என்னும் ஆங்கிலச் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

வெளி, திடல் எனப் பொருள்படும் 'கம்புஸ்' என்னும் இலத்தீன் சொல்லே இதன் மூலம். பல்கலைக்கழக வளாகத்தைக் குறிக்கும் 'கம்பஸ்' அதன் உடன்பிறப்பு. எழுத்துத்தமிழ் 'காம்ப்' என்பதன் பொருள்களைப் பிரித்தே வழங்கும்: படையினருக்கு முகாம், சாரணருக்குப் பாசறை, அகதிகளுக்கு, அரசாங்க வழக்கில், நலன்புரி நிலையம். பேச்சுவழக்கிலோ அனைத்தும் காம்பே.

வாழைச்சேனையிலிருந்து வாகரைக்குச் செல்லும் வீதியிலுள்ள மாங்கேணியை எடுத்துக்கொள்வோம். போர்க்காலத்தில் அங்கு இராணுவ முகாம் இருந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2006இலும் 2007இலும் நேர்ந்த போரும் அக்கரையோர மக்களை அகதி முகாம்களுக்குத் துரத்தின. அச்சத்திற்கும் அடைக்கலத்திற்கும் ஒரே பெயர் அமைந்துவிட்ட இடத்தில், கேட்போர் பொருளை எவ்வாறு உணர்வர்? இலக்கணமே துணைநிற்கின்றது. 'அவர் காம்புக்குப் போனார்' என்றால் அடைக்கலம். 'அவரைக் காம்புக்குக் கொண்டு போனார்கள்' என்றால் அச்சம். முன்னையதில் எழுவாயாக நின்றவர் பின்னையதிற் செயப்படுபொருளாகிவிடுகின்றார். 'ஐ' என்னும் ஓருருபு ஒரு குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுக்க வல்லது.

'கம்பஸ்' என்னும் சொல்லுக்கும் இங்கு வரலாறுண்டு. 1972 முதல் 1978 வரை இலங்கையின் உயர்கல்வி ஒரே பல்கலைக்கழகத்தின் பல வளாகங்களாக இயங்கிற்று. அவ்வமைப்பு மறைந்த பின்னரும் பல்கலைக்கழகம் மாணவர் பேச்சிற் கம்பஸாகவே நிலைத்தது.

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பல்லாயிரம் மக்கள் தஞ்சம் புகுந்தனர். கம்பஸ் காம்பாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் மீளவில்லை. இதனைப் பேச்சுத்தமிழிற் கூறுவதாயின், 'கம்பஸ் காம்பில் இருந்தவரைக் காம்புக்குக் கொண்டு போனார்கள்' என்றே கூறல் வேண்டும். ஒரு வேரிற் பிறந்த இரு சொற்கள் ஒரே வாக்கியத்தில் மும்முறை வருகின்றன. அவை குறிக்கும் இடங்களோ இரண்டே.

ஈழத்துப் பேச்சுத்தமிழுக்கு அகராதி தொகுக்க முனைவோர், 'காம்ப்' என்பதற்கு 'முகாம்' என ஒரு சொல்லாற் பொருளெழுதி அமைதல் போதாது. எவ்வினையோடும் எவ்வுருபோடும் அது வழங்கிற்று என்பதையும் பதிதல் வேண்டும். அப்பதிவே மக்கள் பட்டதைக் கூறும்.