தீக்குச்சி வைத்துத் தைத்த பட்டன்

இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தையல் டீச்சராக இருந்தேன். பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் வகுப்பு. மணி அடித்ததும் பையன்கள் மைதானத்துக்கு ஓடிவிடுவார்கள். காடா துணியை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஓடுதையல், எம்மிங், காஜா என்று ஒவ்வொன்றாகத் தைத்து நோட்டில் ஒட்டிக் காட்ட வேண்டும். பொதுத்தேர்வில் வராத பாடம். அதனால் மற்ற வாத்தியார்கள் என் பீரியடைக் கடன் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்ததாக ஞாபகமில்லை.

பையன்களையும் உட்கார வைக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் ஒருமுறை கேட்டேன். "ஆம்பளப் பசங்க கையில ஊசியக் குடுத்தா பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க டீச்சர்" என்றார். கடைத்தெருவில் மிஷின் மிதிக்கிற டெய்லரெல்லாம் யார் சார் என்று கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

1998-ல் இங்கே ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அப்போதிலிருந்து வெளியூர்ப் பிள்ளைகள் வேலைக்கு வந்தபடியே இருக்கிறார்கள். எங்கள் மாடி அறையில் நாலு பேர் குடியிருந்தார்கள். அதில் ஒருவன் தர்மபுரிப் பக்கம், டிப்ளமோ படித்தவன். சம்பளத்தில் பெரும்பங்கு ஓட்டலுக்கே போய்விடும். ஒரு மாதக் கடைசியில் தயங்கித் தயங்கி வந்து ஒரு படி அரிசி கேட்டான். கொடுத்தேன். அரை மணி கழித்துக் கருகிய வாடை மாடிப்படி இறங்கி வந்தது.

மேலே போய்ப் பார்த்தால் குக்கருக்கு எதிரே செல்போனை வைத்துக்கொண்டு விசிலுக்காகக் காத்திருக்கிறான். கேஸ்கட் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது! ஆவியெல்லாம் மூடியோரமாகப் போய்விட்டால் விசில் எங்கிருந்து வரும்? கார் இன்ஜினில் கேஸ்கட் எதற்கென்று அவன் எனக்குப் பாடமே எடுப்பான். பொன்னி அரிசி ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், மூன்று விசில், அடுப்பை அணைத்த பின் ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடாதே என்றேன். "இதையெல்லாம் யாரும் சொல்லித் தரலியே ஆயா" என்றான். பதினைந்து வருஷம் படித்த பிள்ளை. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அவன் சட்டையின் கைப்பட்டன் நூலில் ஊசலாடியது. ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சட்டைக் கை தொளதொளவென்று ஆடக் கூடாது. ஊசியை அவன் கையிலேயே கொடுத்தேன். நூலை இரட்டையாகக் கோத்து முடிச்சுப் போடு. பட்டன் மேல் ஒரு தீக்குச்சியைக் கிடத்தி, அதன் மேலாகவே நூலைப் போட்டு நாலைந்து தடவை தை. குச்சியை உருவிவிட்டுப் பட்டனை மேலே இழு. பட்டனுக்கும் துணிக்கும் நடுவே கொஞ்சம் இடம் விழும். அந்த இடத்தில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி, துணிக்கு அடியில் முடி. காஜா துணியின் கனம் அந்த இடைவெளியில்தான் உட்கார வேண்டும். ஒட்டத் தைத்த பட்டன் இழுத்து இழுத்தே அறுந்துவிடும். மூன்று தடவை விரலில் குத்திக்கொண்டு தைத்து முடித்தான்.

பள்ளியில் கைத்தொழில் என்றாலே நம் ஊரில் சிலருக்குச் சுருக்கென்கிறது. நியாயம்தான். 1953-ல் ராஜாஜி பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. மறு வருஷம் காமராஜர் வந்ததும் போயிற்று. போனது நல்லது. நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது: யார் வீட்டுப் பிள்ளையானாலும், ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் ஒரே ஊசி, ஒரே அடுப்பு. ஜப்பானில் 1994 முதல் மேல்நிலைப் பள்ளிப் பையன்களும் மனையியலைக் கட்டாயமாகப் படிக்கிறார்கள். அந்த ஊர் இன்ஜினியர்கள் ஒரகடத்திலேயே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். 2021 டிசம்பரில் இந்தப் பக்கத்தில் விடுதிச் சாப்பாட்டால் வாந்தி பேதி கண்டு நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளிப் பெண்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்கள் சமைக்கத் தெரியாதவர்கள் இல்லை, சமைக்க இடமில்லாதவர்கள். அவர்களைப் போன்றவர்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024-ல்தான் வந்தது. நீயே சமைத்துக்கொள் என்று எந்த முதலாளியும் கைகழுவ நான் வழி சொல்லவில்லை.

பிள்ளைகளே, வேலைக்கான ஆர்டர் கையில் வரும்வரை காத்திருக்காதீர்கள். இன்று சாயங்காலமே பழைய சட்டையிலிருந்து ஒரு பட்டனை வெட்டிவிட்டு, தீக்குச்சி வைத்துத் திரும்பத் தையுங்கள். அம்மா திட்டினால் தையல் டீச்சர் சொன்னார் என்று சொல்லுங்கள்.