பித்தளை எப்போது பிளாஸ்டிக் ஆகிறது?

வீட்டில் இருக்கும் ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது என்ன நிறம்? வெள்ளி நிறம் என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். உற்றுப் பார்த்தால் அதில் தெரிவது ஜன்னல் வெளிச்சம், சமையலறைச் சுவர், நீண்டு நெளிந்த நம் முகம். டம்ளர் காட்டுவதெல்லாம் சுற்றுப்புறத்தைத்தான்.

வானொலியில் குரலை வைத்துப் பிழைக்கும் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் என் சித்தப்பா மகன். பாயான் லெப்பாஸில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தபோது அவன் பெயரும் பட்டியலில் இருந்தது. அதன்பின் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளை வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே முப்பரிமாணப் படங்கள் செய்யக் கற்றுக்கொண்டான். "சிங்கப்பூர் போய் வேலை தேடு" என்று சித்தப்பா நச்சரித்தார். தீபாவளி வரை அவகாசம் கேட்டான் தம்பி. அப்போது கிடைத்த முதல் வேலை, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு பாத்திரக் கடையின் குத்துவிளக்குகள். இணையத்தில் விற்பதற்குப் படங்கள் வேண்டுமாம்.

போட்டோ எடுத்தால் போதாதா என்று கேட்டேன். "பித்தளையைப் படம் எடுத்தா கேமராவும் நானும் சேர்ந்து தெரிவோம் அக்கா. இதுல ஒரு விளக்கைச் செஞ்சு வெச்சா அஞ்சு அளவுக்கும் படம் வந்துடும்" என்றான்.

முதல் படத்தைப் பார்த்த கடைக்கார அங்கிள், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "பிளாஸ்டிக் மாதிரி இருக்கே தம்பி" என்றார். முன்பணப் பேச்சு அத்தோடு நின்றது.

அவர் சொன்னது கணினி வரைகலையில் பழைய குறை. ராபர்ட் குக், கென்னத் டாரன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1982-ல் வெளியான கட்டுரையில் இதற்குக் காரணம் சொன்னார்கள். செம்பு நிறப் பிளாஸ்டிக்காக ஒரு பூச்சாடி, அசல் செம்பாக ஒரு பூச்சாடி என்று படமும் போட்டுக் காட்டினார்கள். வித்தியாசம் மினுங்கும் இடத்தில் இருக்கிறது. வெள்ளை விளக்கின் கீழ் எந்த நிறப் பிளாஸ்டிக்கை வைத்தாலும் அதன் மினுக்கம் வெள்ளைதான். உலோகமோ, மினுக்கத்துக்கும் தன் நிறத்தைப் பூசி அனுப்பும். தம்பி செய்த விளக்கில் உடம்பு மஞ்சள், மினுக்கம் வெள்ளை.

அதைத் திருத்தியதும் பித்தளை வந்தது, உயிர் வரவில்லை. விளக்கைச் சுற்றி ஒன்றுமே இல்லையே, எதைக் காட்டும்? இது எனக்குத் தெரிந்த சங்கதி. எதிரொலியே இல்லாத அறையில் பதிவான குரலை வானொலி நாடகத்தில் அப்படியே போட்டால், அந்த ஆள் எங்கே நின்று பேசுகிறார் என்றே தெரியாது. கொஞ்சம் எதிரொலி சேர்த்தால்தான் கேட்பவர் மனதில் சுவர் எழும்பும்.

ஒளிக்கும் அதே கதைதான். ஓர் இடத்தைச் சுற்றிலும், வெளிச்ச அளவை மாற்றி மாற்றிப் படங்கள் எடுத்து ஒன்று சேர்த்தால், அந்த இடத்தின் ஒளியையே கணினிப் பொருளின் மேல் பாய்ச்சலாம் என்று பால் டெபெவெக் 1998-ல் செய்து காட்டினார். தம்பி கடை வாசலின் ஐந்தடி நடைபாதையில் 360 பாகைக் கேமராவை நிறுத்தினான். தூண்களின் நிழல், தெரு வெயில், எதிர்க்கடைப் பூமாலைகளின் நிறம் எல்லாம் விளக்குத் தண்டில் வளைந்து ஏறின.

உண்மையான வாக்குவாதம் அதற்குப் பிறகுதான். தம்பி விளக்கைக் கண்ணாடிபோல் வழவழவென்று செய்திருந்தான். அங்கிள் அலமாரியிலிருந்து அசல் விளக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தார். கடைசல் பிடித்த மெல்லிய வட்டக் கோடுகள், அடித்தட்டில் சின்னப் பள்ளம், விரல் பட்டு மங்கிய இடம்.

"இந்தக் கோடு படத்துல வரணும். வாங்கறவங்க வீட்டுக்குப் போறது இந்த விளக்குதான்" என்றார்.

"கோடு தெரிஞ்சா மட்டமான சரக்குன்னு நினைப்பாங்க அங்கிள்" என்றான் தம்பி.

விளம்பரம் வாசிக்கிறவள் என்பதால் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அங்கிள் பக்கம் நின்றேன். குரலுக்கு மெருகேற்றலாம், சரக்கை மாற்றிச் சொல்லக் கூடாது. கோடுகளைச் சேர்த்ததும் மினுக்கம் அவற்றில் பட்டுச் சிதறியது. அப்போதுதான் அது கையில் எடுக்கலாம் போன்ற விளக்கானது. பணமும் வந்தது. சிங்கப்பூர் பேச்சு இப்போதைக்கு அடங்கியிருக்கிறது.

நாம் பார்க்கும் பொருட்களின் படங்களில் பல இன்று கேமராவையே பார்க்காதவை. நம் பத்து காவானில் கடை வைத்திருக்கும் ஐக்கியா நிறுவனம், 2006-லேயே கணினியில் செய்த நாற்காலி ஒன்றைத் தன் விலைப்பட்டியலில் சேர்த்தது. அதில் தவறில்லை. ஆனால் கைபேசியில் விளக்கோ நகையோ வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கி, மினுக்கத்தின் நிறத்தைப் பாருங்கள். அதில் ஏதாவது ஓர் இடம் தெரிகிறதா என்றும் பாருங்கள். பிறகு, "கையில் வைத்து எடுத்த படம் ஒன்று அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.