அப்பா வாங்கிய ஜீப்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன்)

எங்கள் வீட்டுக்கு ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் அது நேராக என் கைக்குத்தான் வரும். வங்கிக் கடிதமானாலும் சரி, டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டானாலும் சரி, "கண்ணு, இதுல என்ன போட்டிருக்குதுன்னு பாரு" என்று அப்பா நீட்டிவிடுவார். அவர் ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையோடு நான் செய்த ஒரு காரியத்தைச் சக மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். பிறகு கடன் வாங்கி, வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் நான்கு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் தொடங்கினார். வெட்டிய துணியைக் கம்பெனியிலிருந்து மூட்டையாக எடுத்து வரவேண்டும். தைத்து முடித்ததை டஜன் கணக்கில் கட்டித் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் ஆட்டோ வாடகை. சனிக்கிழமை டெய்லர்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு அப்பா கணக்குப் பார்க்கும்போது, கூலியில் பெரிய பங்கை வாடகை தின்றிருக்கும். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்படித்தான் வந்தது.

பல்லடம் பக்கம் ஒருவரிடம் ஒரு ஜீப் இருப்பதாகத் தரகர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். 1980களில் பிறந்த மகிந்திரா ஜீப். பின்பக்கத்தை அறுத்து எடுத்துவிட்டு இரும்புத் தகட்டில் ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். முன்னால் ஜீப், பின்னால் பிக்கப். பச்சை வண்ணம் புதிதாக அடித்துப் பளபளவென்று நின்றது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொட்டியில் ஏறி நின்று கையால் முழம் போட்டு, "இருவது மூட்டை தாராளமாப் புடிக்கும்" என்றார். விலை தொண்ணூறாயிரம். சீட்டு எடுத்த பணம் முழுவதும் அதற்குச் சரியாகப் போய்விடும்.

"ஏனுங்க, ஆர்.சி. புக்கைப் பையன்கிட்டக் குடுங்க. காலேஜ்ல படிக்கறான்" என்றார் அப்பா. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் ஆர்.சி.யை வாங்கி மிகவும் பொறுப்போடு படித்தேன். உரிமையாளர் பெயர் சரி. பதிவெண் பலகையில் உள்ளதே இதிலும் இருந்தது. புதுப்பித்த தேதி காலாவதியாகவில்லை. எரிபொருள்: பெட்ரோல். இருக்கைகள் இத்தனை. எஞ்சின் எண், சேஸிஸ் எண். ஓர் எழுத்துக்கூட விடாமல் படித்துவிட்டு, "எல்லாம் கரெக்டா இருக்குங்கப்பா" என்றேன். அப்பா அங்கேயே ஐம்பதாயிரம் எண்ணிக் கொடுத்தார். மீதி இரண்டு நாள் கழித்து.

திரும்பும் வழியில் பங்கில் நிறுத்தினோம். "என்ன போடறதுங்க?" என்று கேட்டான் பையன். வண்டி ஓட்டி வந்த விற்றவருடைய ஆள், "டீசல்" என்றான்.

என் சட்டைப் பையில் ஆர்.சி. இருந்தது. அதில் பெட்ரோல் என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தவன் நான். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்கியது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முன் இருக்கையில் ஒரு கையை வெளியே போட்டுக்கொண்டு, தெரிந்தவர் யாராவது தென்படுகிறார்களா என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மீதி நாற்பதாயிரத்தை அவர் எடுத்துக்கொண்டு புறப்பட்டபோதும் திறக்கவில்லை.

பழைய வண்டி வாங்கினால் பெயர் மாற்ற வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள்ளேயே விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்; வாங்கியவருக்கு 30 நாள். படிவம் 29, படிவம் 30, இன்சூரன்ஸ், புகைச் சான்று. எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். வண்டியைக் காட்டச் சொன்னார்கள். ஆய்வாளர் நிதானமான மனிதர். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கச் சொன்னார். அது ஒத்துப்போனது. பிறகு பானட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார். ஆர்.சி.யைப் பார்த்தார். பின்பக்கத் தொட்டியைப் பார்த்தார். "தம்பி, இந்தக் காகிதத்தில இருக்கறது ஒரு வண்டி. நீங்க கொண்டாந்திருக்கறது வேற வண்டி" என்றார்.

அவர் சொன்னது நியாயந்தான் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 சனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. எரிவாயுவுக்கு மாற்ற அங்கீகரித்த கருவி பொருத்தலாம். கெட்டுப்போன எஞ்சினுக்குப் பதிலாக அதே வகை எஞ்சினை அனுமதி பெற்று வைக்கலாம். எங்கள் ஜீப்புக்கோ எந்த அனுமதியும் இல்லை. கடைசியாகப் புதுப்பித்த பிறகு யாரோ அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இப்படி இல்லை. இங்கிலாந்தில் லோட்டஸ் செவன் என்ற காரை 1957 முதல் உதிரிகளாகவே விற்றார்கள். வாங்கியவர் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொண்டால் விற்பனை வரி மிச்சம். பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டி, வயது இன்னதென்று சொல்ல முடியாத வண்டிக்கு அங்கே 1983 முதல் 'க்யூ' என்ற எழுத்தில் தொடங்கும் எண் கொடுக்கிறார்கள். பலகையைப் பார்த்தாலே கலப்பு வண்டி என்று தெரிந்துவிடும். வாங்குகிறவன் ஏமாற வழியில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டு ஜீப்பே அப்படிப் பிறந்ததுதான். விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் வில்லிஸ் ஜீப்புகள் உதிரிகளாகக் கப்பலில் பம்பாய் வந்து, அங்கே பூட்டப்பட்டன. நம் பக்கத்து ஊர்க்காரர் ஜி.டி. நாயுடு, வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மாட்டித்தான் தொழில் கற்றார். 1952இல் இரண்டாயிரம் ரூபாயில் இருவர் செல்லும் கார் ஒன்றை உருவாக்கினார். உற்பத்திக்கு உரிமம் கிடைக்காமல் அது நின்றுபோயிற்று. அவருக்கே அப்படியென்றால் பல்லடத்துத் தொட்டி ஜீப்புக்கு யார் உரிமம் கொடுப்பார்?

பழைய பெட்ரோல் எஞ்சினைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து, பின்பக்கத்தையும் முன்போல் கட்டிவிட்டால் ஆயிற்று என்றார் ஒரு மெக்கானிக். கணக்குப் போட்டால் செலவு ஜீப்பின் விலையைத் தொட்டது. அப்படியே செய்தாலும் அது மறுபடி ஆள் ஏறும் ஜீப். துணி மூட்டைக்கு உதவாது.

அன்று இரவு கடைசி டெய்லரும் போனபின் அப்பாவிடம் சொன்னேன்.

"பங்குல டீசல் போட்டப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்கப்பா."

அவர் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். கத்திரி நின்றது. "மீதிப் பணம் குடுக்கறதுக்கு முந்தியேவா?"

"ஆமாங்கப்பா."

"ஏங் கண்ணு சொல்லல?"

என்ன சொல்வது? நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள் என்றா? அது பாதி உண்மை. எல்லார் முன்னாலும் 'கரெக்டா இருக்கு' என்று சொன்ன வாயால் தப்பு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் மீதிப் பாதி. அதையும் சொன்னேன். அப்பா திட்டவில்லை. பிசிறு வெட்டிய பனியன்களை டஜன் டஜனாக அடுக்கினார். ஒரு டஜனில் பதினொன்றுதான் இருந்தது. பிரித்து மறுபடி எண்ணினார். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் போய்ப் பேசினார்கள். ஜீப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு விற்றவர் அறுபத்தைந்தாயிரம் கொடுத்தார். இருபத்தைந்தாயிரம் போனது போனதுதான். இந்தக் கல்லூரியில் மூன்றாண்டுக்கும் நான் கட்டும் கட்டணம் அதில் பாதிகூட வராது.

இது நடந்த சில நாளில் வகுப்பில் பேராசிரியர் ஒன்று சொன்னார். இரும்பில் அச்சடித்த எண்ணை அரம் போட்டு அழித்தாலும், தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால் அது மங்கலாகத் திரும்பத் தெரியுமாம். அடிபட்ட இடத்தில் உலோகப் படிகங்கள் உள்ளுக்குள் நசுங்கியிருப்பதால் அங்கே அமிலம் வேறு வேகத்தில் அரிக்கிறது. தடய அறிவியலில் இதற்கு ஃப்ரை கரைசல் என்று பெயர். எல்லாரும் வியந்தார்கள். அமிலமே தேவையில்லாத ஜீப்பைக் கோட்டைவிட்டவன் நான் என்று எண்ணிக்கொண்டு குறிப்பு எழுதினேன்.

சென்ற தைக்குப் பிறகு அவிநாசியில் ஒரு குட்டியானை விலைக்கு வந்தது. சரக்கு வண்டியாகவே பதிவானது. மொத்த எடை மூவாயிரம் கிலோவைத் தாண்டாததால் பெர்மிட் தேவையில்லை, எஃப்.சி. நடப்பில் இருந்தது. கடன் முடிந்ததற்கு வங்கிச் சான்றும் படிவம் 35உம் கேட்டு வாங்கினோம். அப்பா என்னை அழைத்துப் போவாரா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. காலையில், "கண்ணு, பேனா எடுத்துக்கிட்டு வா" என்றார்.

அங்கே போனதும் துண்டைத் தரையில் விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். ஆர்.சி.யை வைத்துக்கொண்டு நான் வெளியே குந்தியிருந்தேன். பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் எண்.

"மொத எழுத்து, ரெண்டு மலை சேர்ந்தாப்பல இருக்குது."

"எம். சரிங்கப்பா."

"அடுத்தது ஏணி. நடுவுல ஒரு படி."

"ஏ. சரி."

"சுத்தியல்."

"டி. சரிங்கப்பா. அடுத்தது?"

"இரு, எண்ணெய் அப்பியிருக்குது. தொடைச்சுட்டுச் சொல்றேன்."