புளியங்கொட்டைச் சீட்டு

 

சீசனுக்கென்று பெங்களூரிலிருந்து பேரன் வந்திருந்தான். வந்த நேரம் குற்றாலம் மெயின் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. நம்ம சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியையாவது காட்டலாம் என்றால் சாரல் விடவில்லை. கரண்டும் போய்விட்டது. "தாத்தா, உங்களுக்கு ரம்மிதானே தெரியும்? ஸ்டட் போக்கர் சொல்லித் தரேன்" என்று சீட்டுக்கட்டை எடுத்தான். காசு வைக்கக் கூடாது என்று அடுக்களையிலிருந்து உத்தரவு வந்தது. புளியங்கொட்டையை ஆளுக்கு ஐம்பதாகப் பங்கு வைத்தோம். மருமகப்பிள்ளையும் சேர்ந்து மூன்று கை.

ஆளுக்கு ஐந்து சீட்டு. முதல் சீட்டு கவிழ்த்தபடி இருக்கும், அது நமக்கு மட்டும்தான் தெரியும். மீதி நான்கும் ஒவ்வொன்றாக எல்லோர் கண்ணெதிரிலும் திறந்து விழும். ஒவ்வொரு திறந்த சீட்டுக்குப் பிறகும் பந்தயம். கட்டலாம், கூட்டலாம், இல்லையென்றால் விலகிவிடலாம். நம்ம ரம்மிப் பாஷையில் ஸ்கூட். 101 ஆட்டத்தில் முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20, நடுவில் விட்டால் 40, மாட்டிக்கொண்டால் 80 வரை போகும், ஞாபகம் இருக்கிறதா? இங்கே அதுவரை போட்ட கொட்டை போகும், அவ்வளவுதான்.

எது பெரிய கை என்பதில் கணக்கு வாத்தியாருக்குச் சந்தேகமே வரவில்லை. 52 சீட்டில் ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். அதில் ஒரே ஒரு ஜோடி மட்டும் விழுவது 10,98,240. வரிசையாக ஐந்து விழுவது 10,200. ஐந்தும் ஹார்ட், ஐந்தும் ஸ்பேட் என்று விழுவது 5,108. அரிதாக விழுவது மேலே, அடிக்கடி விழுவது கீழே.

பேரன் சொன்ன முதல் பாடம்: முதல் இரண்டு சீட்டில் ஜோடியும் இல்லை, எதிரே திறந்து கிடப்பதைவிடப் பெரிய சீட்டும் இல்லை என்றால் அப்போதே விலகு. பத்து ஆட்டத்தில் பாதிக்கு மேல் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் நான்கு சீட்டும் ஹார்ட்டாக வந்தது. இன்னொரு ஹார்ட் விழுந்தால் ஜெயிப்பு என் பக்கம். எதிரே இரண்டு பேரிடமும் திறந்து கிடந்த ஆறு சீட்டில் மூன்று ஹார்ட். அதாவது நான் பார்க்காத சீட்டு 42, அதில் ஹார்ட் 6. ஏழில் ஒன்று. மருமகப்பிள்ளை விலகிவிட்டார். நடுவில் 40 கொட்டை கிடக்கிறது, நான் இன்னும் 10 கட்ட வேண்டும். இதே நிலைமை ஏழு தடவை வந்தால் ஆறு தடவை 60 தோற்பேன், ஒரு தடவை 40 ஜெயிப்பேன். பத்தாம் வகுப்புக் கணக்கு. மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, கட்டினேன்! ஏற்கெனவே பத்து கொட்டை போட்டிருக்கிறேனே, அதை எப்படி விடுவது? விழுந்தது கிளாவர் ஐந்து.

பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொரு முகம் ஞாபகம் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் கடன் கேட்டு வந்தான். போனில் ரம்மி ஆடி, மனைவி நகை வரைக்கும் போயிருந்தது. "விட்டதைப் பிடிச்சிட்டா நிறுத்திருவேன் சார்" என்றான். திட்டினேன். தலையைக் குனிந்தபடியே சொன்னான்: "நீங்கதான சார் கிளாஸ்ல சொன்னீங்க, ரம்மி சூதாட்டம் இல்ல, திறமைன்னு. கோர்ட்டே சொல்லிருச்சுன்னு."

சொன்னேன்தான். நிகழ்தகவு நடத்தும்போது சீட்டுக்கட்டை வகுப்புக்கே கொண்டுபோன ஆள் நான். 1968-இல் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்றது. அதே தீர்ப்பில், ஆட்டத்தை நடத்துகிறவன் அதிலிருந்து லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்றும் இருக்கிறது. அந்தப் பாதியை நான் வகுப்பில் சொல்லவில்லை. ஒவ்வொரு பந்தயத்திலும் நடத்துகிறவன் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால், சம திறமை உள்ளவர்கள் ஆட ஆட எல்லோர் கையும் குறையும். இதுவும் எளிய கணக்குத்தான். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்தது. அவனுக்கு அது பிந்தி வந்த சட்டம்.

அன்றைக்கு அவனுக்குக் கடன் கொடுத்தேன். அதுவும் ஏழில் ஒன்றுக்குக் கட்டின பத்துதான் என்று இப்போது தோன்றுகிறது. அதன் பிறகு அவன் இந்தப் பக்கமே வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லையே என்ற கூச்சமாக இருக்கும்.

டேய், நீ இந்தப் பதிவைப் படிப்பாய் என்று தெரியும். பணத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். சாரல் முடிவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. சீட்டுக்கட்டு பேரனோடு பெங்களூருக்குப் போய்விட்டது. புளியங்கொட்டை மட்டும்தான் டப்பாவில் இருக்கிறது.