தனிப் பள்ளியும் தனி டம்ளரும்

உறுவையாற்றிலிருந்து பேத்தியோடு சென்னை போயிருந்தேன். கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை பார்த்து, யாரோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேடும் விளையாட்டில் அவளுக்கு அப்படி ஒரு மோகம்! பெசன்ட் நகரில் அலைந்தபோது ஆல்காட் நினைவுப் பள்ளி கண்ணில் பட்டது.

தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்காக 1894-ல் கர்னல் ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளி அது. மற்றப் பள்ளிகள் பலவற்றில் அவர்களைச் சேர்க்கவில்லை. ஆல்காட்டோ அமெரிக்கர். அவர் நாட்டின் தென் மாநிலங்களிலும் கறுப்பர் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிதான். அது செல்லாது என்று தீர்ப்பு வர 1954 ஆயிற்று.

“சேர்ந்து உட்கார்ந்தால் என்னவாம், பாட்டி?” என்று கேட்டாள் பேத்தி.

வேலைக்கு வருகிறவளுக்குத் தனி டம்ளர் வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அந்த வீட்டுக் குழந்தையும் இதே கேள்வியைக் கேட்டால், என்ன பதில் சொல்வது, சகோதரிகளே?