ராகி மாவுக்கு மூணாவது பேரு

போன சனிக்கிழமை சாயங்காலம் திடீர்னு களி திங்கணும் போல ஆயிடுச்சு. வெளிய மழை, வீட்ல ரெண்டு நாள் பழைய பாஸ்தா. பாசல்ல பொட்டி தட்டறவனுக்கு சனிக்கிழமை சாயங்காலம்னா அவ்ளோதான்.

ஊருக்குள்ள இருக்கற ஈழத் தமிழர் கடைக்குப் போனேன். 1983க்கு அப்புறம் இந்த நாட்டுக்கு வந்த அவங்க புண்ணியத்துல, இங்க முருங்கைக்காய்ல இருந்து பூஜை கற்பூரம் வரைக்கும் கிடைக்கும். ஆனா ராகி மாவைக் காணோம். கல்லால இருந்த அக்கா "என்ன தம்பி தேடுறீங்கள்?"ன்னாங்க.

"ராகி மாவுக்கா."

"அது இல்லையே தம்பி. குரக்கன் மா இருக்கு, புட்டு அவிக்கிறது. அதைக் கொண்டு போறீங்களோ?"

குரக்கனா? ஏதோ கிழங்கு மாவுன்னு நெனச்சு வேணாம்னுட்டேன். சும்மா பாக்கெட்டைத் திருப்பிப் பாத்தா, அதே செம்மண் கலர். அடப்பாவி, அதே ராகி தான்! எங்க ஊர்ல இதைக் கிண்டி உருட்டினா தமிழ்ல களி, கன்னடத்துல முத்தெ, எங்க வீட்ல சங்கட்டி. மாவுக்கு ராகி, கேழ்வரகுன்னு ரெண்டு பேரு தெரியும், உருண்டைக்கு மூணு பேரு தெரியும். குரக்கன் தெரியாம போச்சு.

பில் போடும்போது அக்கா கேட்டாங்க, "நீங்கள் இந்தியாவில எவடம்?"

"ஓசூர்."

"மெட்ராசுக்குக் கிட்டவோ?"

"இல்லக்கா. பெங்களூருக்குக் கிட்ட."

"அப்ப வீட்டில கன்னடமோ கதைக்கிறது?"

"தெலுங்கு."

அக்கா நிமிர்ந்து பாத்தாங்க. "பிறகு எப்பிடி இவ்வளவு நல்லாத் தமிழ் கதைக்கிறீங்கள்?"

இதுவரைக்கும் யாரும் கேக்காத கேள்வி. ஓசூர்ல இதை யாரும் கேக்க மாட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல பூ விக்கறவங்க மூணு பாஷையிலயும் பேரம் பேசுவாங்க. நான் நைனா கிட்ட தெலுங்கு, தெருவுல தமிழ், அத்திப்பள்ளி தாண்டினா கன்னடம்னு வளந்தவன். தமிழ் எனக்கு ஸ்கூல் பாஷை, சண்டை பாஷை, இப்போ எழுதற பாஷை. நைனாவுக்கு அப்படி இல்ல. தமிழ் கட்டாயப் பாடம்னு சட்டம் வந்ததே 2006ல தான். அவரு காலத்துல தெலுங்கு மீடியத்துலயே படிச்சு முடிச்சுட்டார். சிப்காட்ல முப்பது வருஷம் வேலை பாத்தவர், தமிழ்ப் பேப்பரை இன்னும் எழுத்துக் கூட்டித் தான் படிப்பார். நான் எழுதற எதையும் அவரு படிச்சதில்ல.

பாசலும் பார்டர் ஊரு தான். எட்டாம் நம்பர் டிராம்ல ஏறினா ஜெர்மனில வைல் ஆம் ரைன்ல இறங்கலாம் (2014 டிசம்பர்ல இருந்து ஓடுது). மூணாம் நம்பர் பிரான்ஸுக்குப் போகும். ஸ்விஸ் விலைவாசிக்கு பயந்து சனிக்கிழமையானா பாதி ஊரு ஜெர்மனில கறியும் ஷாம்பூவும் வாங்கப் போகும். பச்சைச் சீட்டுல கஸ்டம்ஸ் ஸ்டாம்ப் வாங்கினா ஜெர்மன் வரி திரும்ப வரும். இந்தப் பக்கம் 2025 ஜனவரில இருந்து ஆளுக்கு 150 ஃபிராங்க் வரைக்கும் தான் வரி கிடையாது, முன்னாடி 300 இருந்துச்சு. ஆபீஸ்ல இதைப் பத்திப் பொலம்பாத ஆள் இல்ல. எனக்கு இதெல்லாம் புதுசா தெரியல. எங்கப் பக்கம் பெட்ரோல் இன்னிக்கு எந்த மாநிலத்துல மலிவுன்னு பாத்துட்டுத் தான வண்டியையே திருப்புவோம் :-)

காலைல பிரான்ஸ்லயும் ஜெர்மனிலயும் இருந்து வேலைக்கு வர்ற கூட்டத்தைப் பாத்தா, எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஓடற ஓசூர்க்காரங்க ஞாபகம் தான் வரும். மூணு பக்கத்துக் கிழவிகளும் பேசறது கிட்டத்தட்ட ஒரே ஜெர்மன் வட்டார வழக்குன்னு இங்க சொல்வாங்க. எங்க ஊரோட ஒத்துப் போகுதேன்னு முதல் வருஷம் பெருமையா இருந்துச்சு.

ஆனா ஒரு வித்தியாசம். இங்க டிராம் பார்டரைத் தாண்டும்போது எனக்கு வயித்துல ஒண்ணும் ஆகறதில்ல. 2016 செப்டம்பர்ல ஆச்சு. காவேரித் தண்ணி விவகாரத்துல பெங்களூர் பத்திக்கிட்ட வாரம். நான் அங்க இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தேன். பஸ் கிடையாது. ரூம்மேட் மண்டியாக்காரன், காவேரிப் பாசனத்துல நெல்லும் கரும்பும் போடற குடும்பம். அவன் தான் என்னை பைக்ல உக்கார வச்சு அத்திப்பள்ளி வரைக்கும் கொண்டு வந்து விட்டான். "யாராவது நிறுத்தினா நீ வாயைத் திறக்காத, உன் கன்னடத்துல தமிழ் வாடை அடிக்குது"ன்னான். (எனக்கு ரொம்ப நாள் அந்தக் கோவம் இருந்துச்சு. என் கன்னடம் நல்ல கன்னடம்.) அதுக்கு மேல அவன் வண்டி வர முடியாது. கர்நாடகா நம்பர். நான் பையைத் தூக்கிட்டு, கைக்குழந்தைக்காரங்க, மூட்டைக்காரங்களோட ஜுஜுவாடிக்கு நடந்தேன். திரும்பிப் பாத்தா அவன் இன்னும் அங்கேயே நின்னுட்டிருந்தான். வீட்டுக்குப் போனதும் அவ்வா தெலுங்குல கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பையன் பத்திரமா திரும்பிப் போய்ட்டானா?"

சரி, கொசுவத்தியை அணைக்கிறேன். களி ஞாபகம் வந்ததுக்கு நிஜக் காரணம் வேற.

கெலமங்கலம் பக்கம் எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கு. தாத்தா காலத்துல இருந்து ராகி தான், ஊடால அவரை. பனிக்காலம் வந்தா பன்னேர்கட்டா காட்டுல இருந்து யானைங்க இறங்கி தேன்கனிக்கோட்டை, சானமாவுன்னு வரும், கதிர் முத்தற நேரமா பாத்து. தாத்தா பரண் கட்டி ராத்திரி முழுக்க தகரம் தட்டுவார். நானும் ஒரு ராத்திரி உக்காந்திருக்கேன். யானையைப் பாக்கல, காலைல மிதிபட்ட ராகியைத் தான் பாத்தேன். தாத்தா ஒண்ணும் சொல்லல, நிமிர்த்த முடிஞ்ச தட்டையெல்லாம் நிமிர்த்திட்டிருந்தார்.

இப்போ அந்தப் பக்கம் டாடாவோட செல்போன் பாகங்கள் பண்ற தொழிற்சாலை வந்து, ரோடு அகலமாகி, 2024 ஜூன்ல ஓசூருக்கு 2000 ஏக்கர்ல விமான நிலையம்னு சட்டசபைல அறிவிச்சதும், வாரத்துக்கு ஒரு புரோக்கர் வீட்டு வாசல்ல. நைனாவுக்கு முட்டி வலி. களை எடுக்க ஆள் இல்ல. இருக்கற ஆளுங்க கம்பெனி வேன்ல ஏறிப் போயிடறாங்க. அவங்களைச் சொல்லி என்ன, நான் ஏறினது பிளேன்ல.

பூர்வீகச் சொத்து, பையன் கையெழுத்து இல்லாம வாங்க மாட்டேங்கறாங்க. வர முடியலன்னா பவர் எழுதி, பெர்ன்ல இருக்கற இந்தியத் தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணி அனுப்பணும். அது ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள அங்க முத்திரைத்தீர்வை கட்டணும். வழிமுறையெல்லாம் நைனா அத்துப்படியா சொன்னார். கடைசில, "விக்கறதா வேணாமாங்கறது என் கேள்வி இல்லப்பா. நீ வருவியா மாட்டியா? அதைச் சொல்லு. வருவேன்னா ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுட்டு நானே பாத்துக்கறேன்"ன்னார். தெலுங்குல.

நான் மூணு பாஷை தெரிஞ்சவன், நாலாவதா அரைகுறை ஜெர்மன். ஒண்ணுலயும் பதில் வரல. "நெட்வொர்க் சரியில்ல நைனா, கட் ஆகுது"ன்னுட்டேன். ஸ்விட்சர்லாந்துல நெட்வொர்க் சரியில்லையாம். அவரும் "சரிப்பா"ன்னு வச்சுட்டார். அவரு சிப்காட்ல முப்பது வருஷம் ஓட்டினவர், எந்த மெஷின் நிஜமாவே ரிப்பேர்னு தெரியாதா அவருக்கு.

குரக்கன் மாவுல களி கிண்டினேன். அவ்வா பானையைக் காலால அணைச்சுட்டு கோலால சுத்துவாங்க. நான் நான்ஸ்டிக் சட்டில மரக்கரண்டியை வச்சு சுத்தினேன். கட்டி கட்டியா போச்சு. அவ்வா முதல்ல நொய்யை வேக வச்சு அப்புறம் தான் மாவைக் கொட்டுவாங்கன்னு பாதி கிண்டினப்புறம் தான் ஞாபகம் வந்துச்சு. பரவால்ல, களியை மெல்லக் கூடாது, முழுங்கணும். முழுங்கிட்டேன்.

தூதரகத்துல அப்பாயின்ட்மென்ட் போட்டு வச்சிருக்கேன், வர்ற வியாழக்கிழமை காலைல. பவர் ஃபார்ம் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் மேல வச்சிருக்கேன், ஒரு வரி கூட நிரப்பல. அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை நைனாவுக்கு போன் பண்ணணும்.

நொய்யும் மாவும் என்ன அளவுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்களே. பாக்கெட்ல இன்னும் முக்கால் கிலோ இருக்கு.