மண்டி ஷட்டரில் எழுதிய பாஸ்வேர்டு

ஆயுத பூஜை முடிந்த வாரம் எனக்கு வேலை கூடிவிடும். டிராக்டருக்கும் மோட்டார் ரூம் ஸ்டார்ட்டருக்கும் பாக்கு உரிக்கிற கத்திக்கும் பொட்டு வைத்த கை, அலமாரியில் மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை மோடத்தையும் விட்டுவைக்காது. சந்தனம் காய்ந்து பட்டன் இடுக்கில் இறங்கிவிடும். போன வருஷம் பேளூர் ரோட்டில் ஒரு வீட்டில் பக்கவாட்டுப் பட்டன் அழுந்தி அப்படியே ஒட்டிக்கொண்டது. "லைட்டு நிக்காம மினுக்குதுங்க, சாமி குத்தம் ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா. ஊக்கு நுனியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். பிறகு மோடத்தின் செட்டிங்கில் போய் அந்தப் பட்டனின் வேலையையே நிறுத்திவிட்டு வந்தேன். குத்தம் பட்டன் மேல்தான்.

அதற்கு டபிள்யூ.பி.எஸ். என்று பெயர். அழுத்தினால் இரண்டு நிமிஷம் கதவு திறந்திருக்கும். அதற்குள் வருகிற போன் பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே போய்விடலாம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அழுத்துகிறவர் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். அதே வசதி எட்டு இலக்க பின் நம்பர் ஒன்றையும் வைத்திருக்கிறது, அதுதான் மோசம். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று நினைப்போம். ஆனால் மோடம் முதல் நான்கு இலக்கத்தைத் தனியாகப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்லிவிடுகிறது. பிறகு அடுத்த மூன்று. எட்டாவது இலக்கம் முன்னே உள்ள ஏழையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஆக, பத்தாயிரமும் ஆயிரமும் சேர்ந்து 11,000 தடவை முயன்றால் கதவு திறந்துவிடும். ஸ்டெஃபான் ஃபீபெக் என்பவர் 2011 டிசம்பரில் இதைப் போட்டு உடைத்தார். சில புது மோடங்களில் இதற்குப் பூட்டு வந்துவிட்டது. ஆனாலும் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் அணைப்பது இதைத்தான்.

கேபிள் டிவி காலத்திலிருந்து வாழப்பாடியைச் சுற்றி ஒயர் இழுக்கிறவன் நான். இப்போது ஃபைபர். லைன் இழுப்பது கைக்குப் பழகிய வேலை. ஃபைபரைச் சீவி, ஸ்ப்ளைசிங் மெஷினில் ஒட்டி, பவர் மீட்டரில் மைனஸ் இருபதை ஒட்டி ரீடிங் வந்தால் எங்களுக்கு நிம்மதி. அதற்கப்புறம் பாஸ்வேர்டு வைக்கிற பத்து நிமிஷம் ஒன்று இருக்கிறது. அதை வருஷக்கணக்கில் அரை நிமிஷத்தில் முடித்தவன் நான். "உங்க செல் நம்பரையே வச்சிட்டேங்க, மறக்காது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுவேன். வீட்டுக்காரருக்கும் சந்தோஷம், எனக்கும் அடுத்த வீடு.

ஊரடங்கு வந்த 2020இல்தான் அது என் தலையில் விடிந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாக்கு மண்டி. "நெட்டு நகரவே மாட்டேங்குது தம்பி, காசு மட்டும் மாசமான கரெக்டா வாங்கறீங்க" என்று மண்டிக்காரர் போனில் சத்தம் போட்டார். போய் லைனைப் பார்த்தேன், பழுதில்லை. மோடத்துக்குள் நுழைந்து எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று பார்த்தால், 23 கருவிகள். மண்டியில் இருந்ததோ அவரும் மூன்று ஆட்களும். பட்டியலில் ஒவ்வொரு போனும் தன் கம்பெனிப் பெயரோடு வரிசையில் நின்றது. எதிர் டீக்கடை, மாடிக் குடித்தனம், பின்பக்கத்து ஓட்டு வீடு என்று ஊரே உள்ளே இருந்தது. "எவன்டா என் பாஸ்வேர்டைத் திருடுனது?" என்று அவர் கொதித்தார். நான் வெளியே வந்து ஷட்டரைப் பார்த்தேன். மண்டியின் பெயருக்குக் கீழே, சிவப்பு பெயிண்டில், அரை அடி உயரத்துக்கு, பத்து இலக்கத்தில் அந்த பாஸ்வேர்டு. யாரும் திருடவில்லை. நான் வைத்தேன், அவர் போர்டு எழுதினார்.

ஷட்டரில் எழுதாதவர்களுக்கும் இதே கதிதான். வைஃபை பாஸ்வேர்டு காற்றில் அப்படியே போவதில்லை. போனும் மோடமும் "எனக்குத் தெரியும், உனக்குத் தெரியுமா" என்று நாலு சேதி பரிமாறிக்கொள்கின்றன. பக்கத்தில் லேப்டாப்போடு இருப்பவன் அந்த நாலு சேதியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், நிதானமாக ஊகித்துப் பார்க்கலாம். டபிள்யூ.பி.ஏ.2 என்கிற வைஃபை பூட்டு முறையில் ஒவ்வொரு ஊகத்துக்கும் பாஸ்வேர்டையும் வைஃபை பெயரையும் சேர்த்து 4,096 சுற்று ஆட்டுக்கல்லில் ஆட்டுவது போல ஆட்டித்தான் பார்க்க முடியும். ஆளைக் களைக்க வைக்கிற ஏற்பாடு அது. ஆனால் கிராபிக்ஸ் கார்டு களைக்காது. நல்ல கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் ஊகம் போடும். நம் செல் நம்பர் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில்தான் தொடங்கும், எனவே மொத்தமே 400 கோடிதான். கணக்குப் போட்டால் ஒரு மணி ஏழு நிமிஷத்தில் இந்தியாவின் எல்லா நம்பரும் தீர்ந்துவிடும். இந்தக் கணக்கை நான் ஒரு பில் புக்கின் பின்னட்டையில் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கொடுத்த இணைப்புகளில் எத்தனை வீட்டில் அப்படி வைத்திருந்தேன் என்று எண்ணவே பயம்.

பக்கத்து வீட்டுப் பையன் ஓசியில் படம் பார்ப்பதற்கா இவ்வளவு பயம் என்று கேட்பவர்களுக்கு நான் 2008இல் நவி மும்பையில் நடந்ததைச் சொல்வேன். அந்த வருஷம் ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சில நிமிஷம் முன்னால் செய்தி ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. போலீஸ் ஐ.பி. முகவரியைத் தேடிப் பிடித்தபோது அது சான்பாடாவில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. அவருக்கும் அந்த மின்னஞ்சலுக்கும் சம்பந்தமில்லை. அவருடைய வைஃபை பூட்டில்லாமல் கிடந்தது, அவ்வளவுதான். ஆனாலும் விசாரணை, கேள்வி, செய்தி எல்லாவற்றையும் அவர்தான் சுமந்தார். ஆகஸ்டில் மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்து அடுத்த மின்னஞ்சல். செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பன்று செம்பூரில் ஒரு கம்பெனியின் வைஃபையிலிருந்து இன்னொன்று. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்புக்காக இணைய நிறுவனங்களுக்கு உத்தரவே போட வேண்டி வந்தது. ஐ.பி. முகவரி ஆளைக் காட்டாது, இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் காட்டும். மண்டிக்காரர் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எல்லாத்தையும் வெட்டி விடு தம்பி" என்றார்.

வெட்டினேன். அரை மணி நேரத்தில் மண்டியில் மூட்டை தூக்குகிற அண்ணன் தயங்கித் தயங்கி வந்தார். அவர் மகள் பத்தாம் வகுப்பு. டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பாடத்தை மண்டித் திண்ணையில் உட்கார்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மண்டிக்காரர் என்னைப் பார்த்தார், நான் மோடத்தைப் பார்த்தேன். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த வேலை அன்று அமைந்தது. கெஸ்ட் நெட்வொர்க் என்று பல மோடங்களில் ஒன்று உண்டு, நம் ஊர் வீடுகளில் திண்ணை மாதிரி. வந்தவர்கள் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், உள்ளறைக்குப் போக முடியாது. மண்டியின் பில் கம்ப்யூட்டரும் கேமராவும் ஒரு பக்கம், திண்ணை ஒரு பக்கம். அந்தப் பெண்ணுக்கு மட்டும் திண்ணைச் சாவி. பாடம் பார்க்கும் அளவுக்கு வேகத்தைக் குறைத்தும் வைத்தேன். கிராமத்தில் பாஸ்வேர்டு கேட்டு வருகிறவரிடம் முகத்தை முறித்துக்கொண்டு இல்லை என்று சொல்ல முடியாது. மச்சான் கேட்பான், மாமன் கேட்பார், கல்யாணத்துக்கு வந்த பங்காளி கேட்பார். திண்ணை இருந்தால் உறவும் கெடாது, உள்ளறையும் கெடாது. விருந்தாளி போனதும் அந்தச் சாவியை மட்டும் மாற்றினால் போதும்.

வைஃபை பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. வீட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுக் கதவு சாத்தியாயிற்று என்பது போல அது. போனின் மேக் முகவரியைப் பார்த்து, குறிப்பிட்ட போன்களை மட்டும் அனுமதிக்கிற மேக் ஃபில்டரும் அப்படித்தான். அந்த முகவரியைப் போலியாகப் போட்டுக்கொள்ள ஐந்து நிமிஷம் ஆகாது. இப்போதைய போன்கள் வேறு தங்கள் முகவரியைத் தாங்களே மாற்றிக் காட்டுவதால், திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரையே வெளியே நிறுத்துகிறது அது.

பாஸ்வேர்டுக்கு எட்டு எழுத்திலிருந்து 63 வரை இடம் உண்டு. புத்திரகவுண்டம்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகன் எழுந்ததிலிருந்து எங்கள் பக்கம் பாதி வீட்டில் முருகனும் 146உம்தான் பாஸ்வேர்டு. முருகன் மேல் எனக்கும் பக்தி உண்டு, ஆனால் ஊகிக்கிறவன் முதலில் போடுவது சாமி பெயர்தான். நான் வீட்டுப் பெண்களிடம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொல் கேட்பேன். ஒரு பாத்திரம், ஒரு பூச்சி, யாரோ திட்டுகிற வார்த்தை ஒன்று, பழைய மாட்டின் பெயர். அதை ஆங்கில எழுத்தில் அவர்கள் இஷ்டத்துக்கு எழுதச் சொல்வேன். வாழப்பாடிப் பேச்சை அவரவர் கைக்கு வந்தபடி எழுதினால் எந்த அகராதிக்காரனும் திணறுவான். மோடத்தில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதைப் போடுவேன். 2018இல் வந்தது. சேதியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஊகிக்கிற வேலை அதில் நடக்காது, ஒவ்வொரு தடவையும் மோடத்தின் வாசலுக்கே வந்து கேட்க வேண்டும்.

கேமராவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தோப்பில் பாக்குக் குலை திருட்டுப்போகிறது என்று ஊர் முழுக்கக் கேமரா வைத்தார்கள். சேலத்தில் உட்கார்ந்து போனில் தோப்பைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, வைத்த ஆள் மோடத்தில் ஒரு போர்ட்டைத் திறந்து வெளியுலகத்துக்கு விட்டிருப்பார். கேமரா பெட்டியில் கம்பெனி போட்ட பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல் இதைத்தான் பிடித்தது. கையில் அறுபது சொச்சம் கம்பெனி பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கக் கேமராக்களிலும் மோடங்களிலும் புகுந்தது. அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகள் எல்லாம் சேர்ந்து டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தை முட்டியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறின. குலைத் திருடனைப் பிடிக்க வைத்த கண்ணை எங்கோ இருக்கிற திருடன் எடுத்துப் போட்டுக்கொண்டான். எனவே இப்போது நான் மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டை வீட்டுக்கு வீடு வேறாக வைக்கிறேன். முன்பெல்லாம் எங்களைப் போன்றவர்கள் ஊர் முழுக்க ஒரே அட்மின் பாஸ்வேர்டு போடுவோம், சௌகரியத்துக்கு. அதில் நுழைந்தவன் டி.என்.எஸ். முகவரியை மாற்றிவிட்டால், பேங்க் பெயரை அடித்தவரைப் போலிப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கலாம்.

தோப்பு வீடுகளில் ஒரு நிம்மதி உண்டு: பாக்கு மட்டையின் ஈரம் அலையைக் குடித்துவிடும், ரோட்டில் நிற்கிறவனுக்கு எட்டாது. ஆனைமடுவுப் பக்கம் அப்படி ஒரு தோப்பில் தனியாக இருக்கிற அம்மா ஒருவருக்கு லைன் கொடுத்தேன். மகன் வெளிநாட்டில். பாஸ்வேர்டுக்கு அவர் சொன்ன ஐந்து சொல்லையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குள் இருக்கிற தாளைக் காற்றில் வருகிறவன் படிக்க முடியாது. "இதை யாரு கேட்டாலும் போன்ல மட்டும் சொல்லிடாதீங்கம்மா" என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசி மழையில் அவர் லைன் போனது. மோடத்தில் சிவப்பு விளக்கு. மட்டை விழுந்து ஒயர் அறுந்திருக்கும் என்று போய்ச் சரிசெய்தேன், அவர் வீட்டில் இல்லை. மறுநாள் "போன்ல நெட்டு வரல தம்பி" என்றார். எனக்கு அன்று ஏத்தாப்பூரில் வேலை. போனிலேயே முடித்துவிடலாம் என்று, "அந்த நோட்டுல எழுதுனதைக் கொஞ்சம் படிங்கம்மா, நான் பார்க்கறேன்" என்றேன்.

"யாரு பேசறது?"

"நான்தாம்மா, லைன்காரன்."

"குரல் அப்படித்தான் இருக்குது. ஆனா அவன் போன்ல கேக்க மாட்டானே," என்று வைத்துவிட்டார். வண்டியைத் திருப்பினேன்.